வெளுத்து வாங்குறது, சாயம் வெளுக்கிறது, சலவை நோட்டு: மும்பைத் தமிழ்ப் புள்ளைங்களுக்கு ஒரு கைடு

சயன், மாட்டுங்கா, தாராவி, செம்பூர், முலுண்ட் பக்கம் பொறந்து வளர்ந்த நம்ம புள்ளைங்களுக்கு தமிழ் நல்லாவே பேச வரும், ஆனா வீட்டுல என்னென்ன பேசுறாங்களோ அது வரைக்கும்தான் வரும். சாப்பாடு, ஸ்கூல், திட்டு, கல்யாணம் எல்லாம் ஓகே. ஊர்லருந்து பெரியப்பா போன் பண்ணி "அவன் சாயம் வெளுத்துப்போச்சுலே"ன்னு சொன்னா மட்டும் யாரோ புதுச் சட்டைய மெஷின்ல போட்டு கெடுத்துட்டாங்க போலன்னு நினைச்சுக்குதுங்க. இந்த 'வெளு'ங்கிற ஒரு வார்த்தை தமிழ்ல பண்ற வேலை கொஞ்சநஞ்சம் இல்ல, அடிக்கிறதுக்கும் அதுதான், பாராட்டுறதுக்கும் அதுதான், பயந்து போனாலும் அதுதான், விடிஞ்சாலும் அதுதான். அத எங்க எப்படி போடணும், எங்க போட்டா அசிங்கமாயிடும்னு இங்க சொல்றேன்.

முதல்ல துணி எப்படி வெளுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரிஞ்சா பாதி தானா புரிஞ்சிடும். வெளுக்கிறதுன்னா சும்மா சோப்பு போட்டு அலசுறது இல்ல, வெள்ளையாக்குறது. ஊர்ப்பக்கம் உவர்மண்ணுன்னு ஒண்ணு உண்டு, சோடா உப்பு கலந்த மண்ணு, அதுல காரம் இருக்கும். அந்த மண்ண கரைச்ச தண்ணில துணிய முக்கி எடுத்து, அடியில தண்ணி கொதிக்கிற பெரிய பானை மேல துணிய அடுக்கி மூடி, ராத்திரி பூரா கீழ அடுப்பு எரிய விடுவாங்க. ஆவி துணிக்குள்ள ஏறும், உடம்புலருந்து ஒட்டின எண்ணைப் பிசுக்கெல்லாம் அந்த காரத்தோட சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி கழண்டு வரும். இதுக்குப் பேர்தான் வெள்ளாவி. காலைல ஆத்துத் துறைக்கு கொண்டு போய் கல்லுல அடி அடின்னு அடிச்சு, அலசி, பிழிஞ்சு, வெயில்ல விரிச்சுப் போட்டா மிச்சம் இருக்கிற மஞ்சளையும் வெயில் எடுத்துடும்.

இத பாக்க ஊருக்குப் போக வேண்டாம், வெஸ்டர்ன் லைன்ல மஹாலக்ஷ்மி ஸ்டேஷன்ல எறங்கி பாலத்து மேலருந்து எட்டிப் பாருங்க, தோபி காட். வெள்ளைக்காரன் காலத்துல, 1890 வாக்குல கட்டினது. வரிசை வரிசையா சிமெண்ட் தொட்டி, ஒவ்வொண்ணுலயும் அடிக்கிற கல்லு, ஓரத்துல துணிய காஸ்டிக் சோடா போட்டு வேக வைக்கிற பட்டி. அந்த பட்டிதான் நம்ம வெள்ளாவிக்கு பம்பாய்க்காரத் தம்பி. அப்புறம் கயிற முறுக்கி அந்த முறுக்குக்குள்ளயே துணி நுனிய சொருகி காயப் போட்டிருப்பாங்க, ஒரு கிளிப்பு கிடையாது. ஃபோட்டோ எடுக்க வர்றவங்க பாதிப்பேர் இத கவனிக்கவே மாட்டாங்க.

சரி, இப்ப மொழிக்கு வருவோம். 'வெளு' ரெண்டு பக்கமும் வேலை செய்யும். தானா வெள்ளையாறதும் வெளுக்கிறதுதான், ஒருத்தர் போய் ஒண்ண வெள்ளையாக்குறதும் வெளுக்கிறதுதான். "துணி வெளுத்துருச்சு"ன்னா தானா நிறம் போச்சு. "துணிய வெளுத்தாங்க"ன்னா யாரோ துவைச்சாங்க. நடுவுல இருக்கிற அந்த 'ஐ' தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது, பேச்சுல அது 'ய', 'வ', 'ன'ன்னு தேஞ்சு போய் கேக்குறதுனால ஹிந்தி மராட்டி பழகின காதுக்கு விழுறதே இல்ல. "ரவி வெளுத்துட்டான்"ன்னா ரவி ஏதோ கலராகி வந்திருக்கான், இல்ல சோகை புடிச்சிருக்கு. "ரவிய வெளுத்துட்டாங்க"ன்னா ரவிக்கு செம அடி. ஒரே ஒரு எழுத்து, ஆஸ்பத்திரி செலவு வேற வேற.

அடிக்கிற அர்த்தம் உங்களுக்கு புதுசு இல்ல, ஹிந்தில "தோ டாலா"ன்னு சொல்றீங்களே, துலாய் பண்றதுன்னா அடிக்கிறதுதானே, அதே கல்லு அதே அடி. தமிழ்ல "துவைச்சு எடுத்துட்டான்", "துவைச்சு காயப் போட்டுட்டான்"னும் சொல்லலாம். ஆனா ஹிந்திய அப்படியே திருப்பி "கழுவிட்டான்"னு போட்டா வேற மாதிரி போயிடும், "கழுவி ஊத்திட்டான்"னாதான் அதுக்கு ஒரு அர்த்தம், அதுவும் அடிக்கிறது இல்ல, வாயால கேவலப்படுத்துறது. படம் பாத்துட்டு வந்து ரிவ்யூ போடுறவங்க பண்றது அது.

இப்ப மெயின் ஐட்டம், 'வெளுத்து வாங்கு'. நேரா பாத்தா வெளுக்கப் போட்ட துணிய திரும்ப வாங்குறது. ஆனா இன்னைக்கு யாரும் அந்த அர்த்தத்துல சொல்றதில்ல, ரெண்டு அர்த்தம்தான் புழக்கத்துல இருக்கு, ஒண்ணு பின்னி எடுக்கிறது, இன்னொண்ணு பிரமாதப்படுத்துறது. எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? முன்னாடி இருக்கிற சொல்லப் பாருங்க. ஆள 'ஐ' போட்டு சொன்னா அடி. எடத்த, விஷயத்த 'ல' போட்டு சொன்னா பாராட்டு. "மாமா மேடையில வெளுத்து வாங்கிட்டார்"ன்னா மாமா பேச்சு அபாரம். "மாமா மேடையில அப்பாவ வெளுத்து வாங்கிட்டார்"ன்னா குடும்பத்துல பஞ்சாயத்து. எங்க சொந்தத்துல ஒரு பையன் அறுபதாம் கல்யாண வாழ்த்துக்கு இந்த ரெண்டாவதத்தான் ஃபேமிலி குரூப்ல டைப் பண்ணி விட்டான், அப்பாவப் பத்தி மாமா ரொம்ப அருமையா பேசினாருன்னு சொல்ல வந்திருக்கான். அப்புறம் அத்தைக்கு ஊர்லருந்து வரிசையா போனு.

கிரிக்கெட்டுல மட்டும் ரெண்டும் ஒண்ணாயிடும், அதனாலதான் பேப்பர்காரங்களுக்கு இந்த சொல்லு இவ்ளோ புடிக்குது. நம்ம வான்கடேல 2011 ஏப்ரல் 2 வேர்ல்ட் கப் ஃபைனல்ல தோனி 91 நாட் அவுட். "ஃபைனல்ல தோனி வெளுத்து வாங்கினார்"னும் சொல்லலாம், "இலங்கை பவுலிங்க வெளுத்து வாங்கினார்"னும் சொல்லலாம், ரெண்டும் சரி, ரெண்டும் சந்தோஷம். ஆனா நிதானமா நின்னு தடுத்து ஆடி மேட்ச்ச காப்பாத்தினவருக்கு இத போடக் கூடாது, வெளுக்கிறதுல சத்தம் இருக்கணும், கல்லுல அடிக்கிற சத்தம். மெதுவா நல்லா பண்ணின வேலைக்கு இந்த சொல்லு ஒட்டாது. ஒருத்தங்க வீணை அருமையா வாசிச்சாங்கன்னு வெளுத்து வாங்கினாங்கன்னு எழுதினா எனக்கு வீணைய நினைச்சுதான் கவலையா இருக்கும், தவில் வாசிச்சவர்னா தாராளமா எழுதுங்க.

மழைக்கும் இத சொல்லுவோம். "தாதர்ல மழை வெளுத்து வாங்குது, லோக்கல் லேட்டு"ன்னு ஜூலைல நீங்க மெசேஜ் போட்டா கரெக்ட். ஆனா கவனிங்க, இந்த சொல்லுக்குள்ள ஒரு கைதட்டல் ஒளிஞ்சிருக்கு, ஒரு 'அப்படிப் போடு' இருக்கு. 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாக்ரூஸ்ல 24 மணி நேரத்துல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அத்தனை பேர் செத்துப் போனாங்களே, அந்த மழைய நான் வெளுத்து வாங்கிச்சுன்னு எழுத மாட்டேன். டிவிக்காரங்க புயல் வெள்ளம் எல்லாத்துக்கும் இதையே போடுறாங்க, அவங்க போடுறாங்கன்னு நாமளும் போடணும்னு இல்ல, அந்த மாதிரி நாளுக்கு 'கொட்டித் தீர்த்துச்சு'ன்னா போதும். இன்னொண்ணு, "வானம் வெளுத்துருச்சு"ன்னா இதுக்கு நேர் ஆப்போசிட்டு, மேகம் கலைஞ்சு மழை விட்டுருச்சுன்னு அர்த்தம். அத கேட்டுட்டு குடையோட ஓடாதீங்க. "கிழக்கு வெளுத்துருச்சு"ன்னா விடிஞ்சிருச்சு, அவ்ளோதான்.

அடுத்து ஒரு கண்ணி இருக்கு. வெளுத்து 'வாங்கினவன்' அடிச்சவன். ஆனா வெறும் "நல்லா வாங்கினான்", "வாங்கிக் கட்டிக்கிட்டான்"னா அவன் அடியோ திட்டோ தின்னவன். ஒரே 'வாங்கு' தான், முன்னாடி வெளுத்து இருந்தா கை ஓங்கியிருக்கு, இல்லைனா முதுகு வீங்கியிருக்கு. பாஸ்கிட்ட திட்டு வாங்கின கதைய சொல்லும்போது "இன்னைக்கு மீட்டிங்ல வெளுத்து வாங்கினேன்"னு சொன்னா எல்லாரும் கங்கிராட்ஸ் சொல்லுவாங்க, "மீட்டிங்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன்"னு சொல்லுங்க. 'வெளுத்துக் கட்டு'ன்னு ஒண்ணு இருக்கு, வேட்டிய வெளுத்து இடுப்புல கட்டுற கட்டு அது, இப்ப அது வாங்குறதுக்கு ஜோடி மாதிரிதான் ஓடுது, முக்கியமா சாப்பாட்டுக்கு. மாட்டுங்கா பக்கம் ஏதாவது கல்யாண ஹால்ல இலைச் சாப்பாட்ட ஒருத்தன் வெளுத்துக் கட்டினான்னு சொன்னா அவன் மூணாவது தடவை பாயசம் கேட்டிருக்கான்னு புரிஞ்சுக்கணும்.

சாயம் வெளுக்கிறது. இது சீரியஸ். மட்டமான சாயம் போட்ட துணி ஒரு அலசல்லயே தண்ணிய கலராக்கிட்டு பல்ல இளிக்கும்ல, அது மாதிரி வேஷம் போட்டவன் உண்மை தெரிஞ்சு நிக்கிறது. சாயத் தொட்டியில விழுந்து நீலமாகி காட்டுக்கே ராஜாவான நரிக் கதை உங்களுக்கு ஸ்கூல்ல ஹிந்திலயாவது சொல்லியிருப்பாங்க, அந்த நரிய நினைச்சுக்கிட்டு பேசினா தப்பாவே வராது. சொல்ற விதம்: "அவன் சாயம் வெளுத்துப்போச்சு", "அவங்க சாயம் சீக்கிரமே வெளுத்துரும்". சாயம்ங்கிற வார்த்தைய விட்டுட்டு "அவன் வெளுத்துட்டான்"னு சொல்லாதீங்க, மேல சொன்ன மாதிரி அது கலர் விஷயமா போயிடும். அப்புறம் ஏமாத்துறவனுக்கு மட்டும்தான் இது, அப்பாவிக்கு கிடையாது. அம்மாவுக்கு தெரியாம பர்த்டே கேக் ஆர்டர் பண்ணி அது தெரிஞ்சுபோச்சுன்னா சாயம் வெளுத்துப்போச்சுன்னு சொல்லக்கூடாது, "விஷயம் லீக் ஆயிருச்சு"ன்னா சரி, கேக் வாங்குறதுல என்ன வேஷம் இருக்கு? ஃப்ளாட் புக் பண்ண அட்வான்ஸ் வாங்கிட்டு அங்க நெலமே இல்லைன்னு தெரிய வர்ற ஏஜெண்ட்டு, அவனுக்குத்தான் இந்த சொல்லு.

மூஞ்சியும் வெளுக்கும். பயந்தா, அதிர்ச்சி ஆனா "முகம் வெளுத்துப்போச்சு". அவமானப்பட்டா, மனசு நொந்தா "முகம் கறுத்துருச்சு". இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா கதையே மாறிடும், மாமியார் சொன்னதக் கேட்டு மருமக முகம் வெளுத்துச்சுன்னா என்னத்தையோ மறைக்கிறா, கறுத்துச்சுன்னா வலிச்சிருக்கு. ஊர்லருந்து வர்ற ஆச்சி உங்களப் பாத்து "ஏட்டி, இப்படி வெளுத்துப் போய்க் கிடக்க?"ன்னா தயவு செஞ்சு தேங்க்ஸ் சொல்லாதீங்க, உடம்புல ரத்தம் இல்ல, முருங்கக்கீரை தின்னுன்னு அர்த்தம்.

"வெளுத்ததெல்லாம் பால்"னு நம்புறவன்னா சூது வாது தெரியாதவன். உங்களப் பத்தி நீங்களே சொல்லிக்கலாம், ஃபிரண்டப் பத்தி சொல்லலாம், பெரியவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னா உங்களுக்கு புத்தி கம்மின்னு சொன்ன மாதிரி ஆயிடும்.

வெள்ளாவிய என்ன பண்றது? தமிழ்நாட்டுல இத பொண்ணுங்க கலரப் பத்தி பேசத்தான் நிறைய இழுக்குறாங்க, வெள்ளாவில வச்சு எடுத்த மாதிரி இருக்கான்னு. எனக்கு அது புடிக்கல, வெள்ளை தோலுதான் அழகுங்கிற பழைய பாட்டு, நீங்க அத எடுத்து ஓட்ட வேண்டாம். அதவிட நம்ம ஊருக்கு பொருத்தமா ஒரு உபயோகம் இருக்கு. மே மாசம், காலை எட்டரை மணி, தாணேலருந்து வர்ற ஸ்லோ லோக்கல், ஃபேன் சுத்தியும் காத்து இல்ல, ஒருத்தர் மேல ஒருத்தர் அடுக்கு, வேர்வை ஆவியா கூரையில நிக்குது. "சயன்லருந்து தாதர் வரைக்கும் வெள்ளாவில வெந்து வந்தேன்"னு போடுங்க. அடுக்கு இருக்கு, ஆவி இருக்கு, வேக்காடு இருக்கு, ஒண்ணு கூட குறையல. குளிர்காலத்துல, இல்ல வறண்ட வெயில்ல இத சொல்லாதீங்க, புழுக்கம் இருந்தாதான் வெள்ளாவி.

இனி சலவை. வெளுக்கிறதுக்கு கொஞ்சம் நாகரிகமான பேரு, "சலவைக்குப் போடு", "சலவைச் சட்டை"ன்னு. இதுல மும்பைப் புள்ளைங்க தவறாம விழற குழி 'சலவை நோட்டு'. பேர கேட்டதும் கறுப்புப் பணம், ஈடி ரெய்டு, ஷெல் கம்பெனின்னு மண்டைல ஓடும். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, மடிப்பு விழாத மொறுமொறு புது நோட்டுக்குப் பேர்தான் சலவை நோட்டு. பொங்கலுக்கு தாத்தா குடுக்கிறது, கல்யாண மொய்க் கவர்ல வைக்கிறது, தட்டுல வெத்தல பாக்கோட வைக்கிறது. முன்னெல்லாம் பேங்க்ல கட்டு கட்டா பின் அடிச்சு குடுப்பாங்க, சலவை நோட்டா இருந்தாலும் ரெண்டு ஓட்டையோடதான் வரும், அப்படி குத்துறத நிறுத்தச் சொல்லி ரிசர்வ் பேங்க் 2001ல பேங்க்குகளுக்கு உத்தரவு போட்டுச்சு. ஆக மாமா "சலவை நோட்டா அம்பது ரூபா கட்டு ஒண்ணு கிடைக்குமாடா, நீ பேங்க்லதானே இருக்க"ன்னு கேட்டா பதறாதீங்க, கிரகப்பிரவேசம் வச்சிருக்காரு.

அப்ப அந்த கறுப்புப் பண சமாச்சாரத்துக்கு என்ன சொல்றது? இங்கிலீஷ்ல மனி லாண்டரிங், அதாவது பணச் சலவைன்னு பேர் வச்சு 2002ல வந்த சட்டத்த தமிழ் பேப்பர்கள்ல 'சட்டவிரோத பணப் பரிமாற்றத் தடைச் சட்டம்'னு நீட்டி எழுதுறாங்க, படிச்சா எங்கயோ ஹவாலா மாதிரி இருக்கும், அதுல சலவையே காணோம். பேச்சுல "கறுப்ப வெள்ளையாக்குறது"ன்னு சொல்லுங்க, பான் கடைக்காரர் வரைக்கும் புரியும். "பணத்த வெளுக்குறான்"னு சிலர் எழுதுறாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா முழு வாக்கியமா எழுதலைனா யாரையோ அடிச்ச மாதிரி கேக்குது.

மூளைச்சலவை இன்னொரு கதை. இது நம்ம ஆத்துத் துறையிலருந்து வந்தது இல்ல, சீனாவுலருந்து இங்கிலீஷ் வழியா வந்தது. சீனத்துல 'மூளைய கழுவுறது'ன்னு சொன்னத எட்வர்ட் ஹண்டர்னு ஒரு அமெரிக்க பத்திரிகைக்காரர் 1950ல இங்கிலீஷ்ல பரப்பினாரு, கைதிகள புடிச்சு வச்சு நம்பிக்கைய மாத்துற சமாச்சாரம். நம்மாளுங்க அத எடுத்து "கல்யாணம் ஆன ஆறே மாசத்துல பையன மூளைச்சலவை பண்ணிட்டா"ன்னு போட்டுக்கிட்டாங்க. வீட்டு விஷயத்துக்கு இது ரொம்ப ஓவர். அதுக்கு ஏற்கனவே 'சொக்குப்பொடி போட்டுட்டா'ன்னு அருமையா ஒண்ணு இருக்கு, பாதி சிரிப்பா முடிஞ்சிடும். மூளைச்சலவைய கல்ட்டு, கோச்சிங் கிளாஸ் விளம்பரம், பிரமிட் ஸ்கீம் இதுகளுக்கு வச்சுக்கோங்க. அப்புறம் பில்டர் புரோஷர்ல 'சலவைக்கல் தரை'ன்னு இருந்தா துணி துவைக்கிற கல்லு இல்ல, மார்பிள். துணி அடிக்கிறது துவைக்கிற கல்லு, ரெண்டும் வேற.

'வெள்ளையடிக்கிறது'ம் இந்தக் குடும்பம் இல்ல, அது சுண்ணாம்பு, சுவரு. சீரிஸ முழுசா ஜெயிச்சா ஒயிட்வாஷ்னே எழுதுங்க. தப்ப மூடி மறைக்கிறதுன்னா 'பூசி மெழுகுறான்'.

பழமொழி விஷயத்துல கொஞ்சம் பாத்து. துணி வெளுக்கிறவங்க சாதிப் பேரையும் அவங்க கழுதையையும் வச்சு தமிழ்ல நிறைய பழமொழி இருக்கு, ஹிந்திலயும் தோபி கா குத்தான்னு ஆரம்பிக்கிறது உங்களுக்கே தெரியும். எல்லாம் அவங்கள மட்டம் தட்டுறதுதான், சுவைக்காகன்னு கூட எடுத்து விடாதீங்க. தொழிலப் பத்தி பேசணும்னா சலவைத் தொழிலாளின்னு சொல்லுங்க. சென்னைல வண்ணாரப்பேட்டைன்னு ஒரு ஏரியாவே இருக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல ஏத்துற துணிய வெளுத்துக் குடுத்தவங்க குடியிருந்த எடம், அந்த வெளுப்பு இல்லைனா மெட்ராஸ் துணிக்கு வெளிநாட்டுல அந்தப் பேரே இல்ல. வினைச்சொல்லு எத்தனை வேணா எடுத்துக்கோங்க, ஆளோட சாதிய விட்டுடுங்க.

மிச்சம் இருக்கிற சில்லறைய வேகமா பாத்துடலாம். 'அலசு'ன்னா விஷயத்த நாலு பக்கமும் திருப்பிப் பாக்கிறது, தண்ணில துணிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுற மாதிரி, பேப்பர்ல 'ஒரு அலசல்'னு வர்றது இதுதான், மேலோட்டமா ஒரு பத்தி எழுதிட்டு அலசல்னு தலைப்பு வைக்கிறவங்கள நம்பாதீங்க. 'கண்ண கசக்கு'ன்னா அழறது, அதுவும் கொஞ்சம் நடிப்போட. 'கஞ்சி போட்ட மாதிரி'ன்னா விறைப்பா நிக்கிற ஆளு. இந்த கஞ்சி சமாச்சாரம் ரொம்பப் பழசு, சங்க காலத்துப் பாட்டுத் தொகுப்பான குறுந்தொகையில 330வது பாட்டுலயே துணி வெளுக்கிற பொண்ணு பசையில தோய்ச்சு அடிச்சு குளத்துல போட்ட துணி இன்னும் முறுக்கு பிரியாம கிடக்கிறதத்தான் பகன்றைங்கிற வெள்ளைப் பூவுக்கு உவமையா சொல்லியிருக்கு. நம்ம மராட்டி ஃபிரண்ட்ஸ் 'பரீட்கடி'ன்னு சொல்லுவாங்க, சலவை மடிப்பு கலையாத துணி, அப்படியே மடிப்பு கலையாம நோகாம திரியுற ஆளுக்கும் சொல்லுவாங்க, தமிழ்ல "சட்டை மடிப்பு கலையாம வேலை பாக்குறான்"னு சொன்னா கிட்டத்தட்ட அதே குத்தல். கடைசியா 'பிழி'. "ஆஃபீஸ்ல பிழிஞ்சு எடுக்கிறாங்க"ன்னா வேலைய உறிஞ்சுறாங்க, "அழுது பிழியாத"ன்னா ஓவரா சீன் போடாத. ஒரே நாள்ல ரெண்டும் உங்களுக்கு நடந்தா, அந்தேரில முதலாவது, வீட்டுல வந்து அம்மாகிட்ட புலம்பும்போது ரெண்டாவது.